துடைப்பப் பாடம்

நல்ல பழக்கங்களைச் சின்ன வயதிலேயே ஊட்டிவிட வேண்டும் என்பதில் யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா? தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம் பெருங்காட்டு அரசுப் பள்ளி அதைச் செய்தே காட்டியது. 2025 ஜனவரியில் வெளியான காணொலியை நாடே பார்த்தது: சீருடைப் பிள்ளைகள், கையில் துடைப்பம், எதிரே கழிப்பறை. பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி அது. தண்ணீர் சுமப்பதும் வளாகம் பெருக்குவதும்கூடப் பாடத்திட்டத்தில் சேர்த்தி. வீடு திரும்பினால் பிள்ளை சுருண்டு படுத்துவிடுகிறது, வீட்டுப்பாடம் எழுதுவதில்லை என்று பெற்றோருக்குக் குறை. செய்முறைத் தேர்வில்தான் தேறிவிட்டார்களே, எழுத்துத் தேர்வு எதற்காம்?

இப்படிச் சேதி வரும்போதெல்லாம் ஜப்பானைத் துணைக்கு அழைக்கும் கனவான்கள் உண்டு. அங்கே பிள்ளைகளே பள்ளியைத் துடைக்கிறார்களாம். துடைக்கிறார்கள்தான்; முறை வைத்து, எல்லார் வீட்டுப் பிள்ளையும், வாத்தியாரும் கூடச் சேர்ந்து. ஐயா, உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளிக்கு அந்த ஜப்பான் எப்போது வரும்? லட்சம் கட்டிச் சேர்த்த பிள்ளையின் கையில் ஒரு நாள் பினாயில் பாட்டிலைக் கொடுக்கட்டும், மறுநாள் காலை கேட்டை மறித்துக் கார்கள் நிற்கும்.

ஈரோடு மாவட்டம் பாலக்கரையிலும் 2022-இல் இதே பாடம் நடந்தது. அங்கே பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் பட்டியல் சாதிப் பிள்ளைகள். ஒரு பையனுக்கு டெங்கு வந்து, தாய் துருவிக் கேட்டபோதுதான் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழிப்பறை கழுவிய சங்கதி வெளியே வந்தது. எந்தக் குடிப் பிள்ளைக்கு எந்தத் திறமை என்று நம் பள்ளிகளுக்கு எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது!

பெருங்காட்டில் தலைமை ஆசிரியையைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். சரி. மேலே இருப்பவர்கள்? கிராமத்துப் பள்ளிக் கழிப்பறையைக் கழுவ வரும் அம்மாவுக்குக் கொடுப்பது பஸ் செலவுக்கும் டீக்கும் சரியாகப் போகும், அதிலும் பாக்கி. அவர் நின்றுவிட்டால் ஒன்றிய அலுவலகம் கல்வித் துறையைக் கைகாட்டும், கல்வித் துறை ஒன்றிய அலுவலகத்தைக் கைகாட்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்றது. யார் கழுவுவது என்று சொல்லவில்லை. சொல்லாததை நம் ஊர் தானாகவே புரிந்துகொண்டது, தலைமுறை தலைமுறையாகப் புரிந்துவைத்திருப்பதுதானே.

ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கு ஒரு வேலை இருக்கிறது. கழிப்பறை பளிச்சென்று இருந்தால், மெச்சிக் கையெழுத்துப் போடுமுன், அதைக் காலையில் கழுவியது யார் என்று மூன்றாம் வகுப்புக்குள் போய்க் கேட்கட்டும். வாத்தியாரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு.