ஐந்நூற்று மூன்று

கரண்ட் சிக்கனத்தைப் பற்றி உருப்படியாக ஒன்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த 503ஐத் தீர்த்துவிடுகிறேன். முந்தாநாள் செல்போனில் வந்த பில். 499 இல்லை, 500கூட இல்லை; 503 யூனிட்.

தமிழ்நாட்டில் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு அந்த மூன்று எங்கே வலிக்கும் என்று தெரியும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 என்றால் 1,958. கடைசியில் ஒன்று கூடிய குற்றத்துக்கு, 101 முதல் 200 வரை 2.25 ரூபாயில் சாதுவாக உட்கார்ந்திருந்த யூனிட்டெல்லாம் 4.50 ஆகிவிடும். ஆக, அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய். அதற்கப்புறம் ஏறியதை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் பிரஷர் மாத்திரையையும் சேர்க்க வேண்டும்.

233 ரூபாய்ச் சரக்கை யார் தின்றது என்று கேட்டேன். வீடே டிவியைப் பார்த்தது. சரி என்று பேப்பரும் பேனாவும் எடுத்தேன். ஹாலில் 9 வாட் பல்பு: 111 மணி நேரம் எரிந்தால்தான் ஒரு யூனிட். விடுதலை. (அதை அணைக்கச் சொல்லித்தான் இத்தனை வருஷமாகக் கத்துகிறேன் என்பது வேறு விஷயம்.) கிரைண்டர்: 150 வாட், முக்கால் மணி. ஒரு யூனிட் ஆக ஒன்பது தடவை மாவாட்ட வேண்டும். மேற்கொண்டு விசாரிக்கப் போனேன். மாமியார் ஒரு பார்வை பார்த்தார், திரும்பி வந்துவிட்டேன். டிவிக்குக் கீழே செட்டாப் பாக்ஸ்: 10 வாட்தான், ஆனால் தூங்கவே தூங்காது. ரெண்டு மாசத்துக்கு 14 யூனிட்.

அப்புறம் கீசர். 2,000 வாட். அரை மணிக்கு ஒரு யூனிட். இங்கேதான் போன வாரம் வந்து தங்கிய மச்சினர் ஞாபகத்துக்கு வந்தார். கீசரைப் போட்டுவிட்டு, ஷேவ் பண்ணி, பேப்பரை வரி விளம்பரம் வரை படித்து, முக்கால் மணி கழித்துக் குளிக்கிறவர். ரெண்டு காலை. ஒன்றரையும் ஒன்றரையும் மூன்று. சரியாக மூன்று! எழுந்து நின்று அறிவித்தேன். "சூடானதும் தெர்மோஸ்டாட் கட் பண்ணிடும்பா" என்றான் மகன். இன்ஜினியரிங்குக்கு நான் கட்டிய பீஸ் பேசுகிறது.

"எங்க அண்ணன் குளிச்சதுக்கா பில் போடுறீங்க?" என்றாள் மனைவி. "ராத்திரி முழுக்க ஏசி போட்டுக்கிட்டு, அதுக்குள்ள கம்பளியும் போத்திக்கிறது யாரு?"

அதைக் கணக்கில் எழுதப் பேப்பரில் இடமில்லை.

சரி, சிக்கனத்தைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தது இதைத்தான். கலிபோர்னியாவில் சான் மார்கோஸ் என்ற ஊரில், அக்கம்பக்கத்துச் சராசரியையும் அந்தந்த வீட்டுக் கரண்ட் கணக்கையும் எழுதி வாசல் கதவில் மாட்டிப் பார்த்தார்கள். ஆய்வு 2007இல் வெளிவந்தது. அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். குறைவாகச் செலவழித்தவர்கள் 'நாம்தான் இளிச்சவாயனா' என்பதுபோல் கூட்டிவிட்டார்கள்! கூடவே சிரித்த முகப் படம் ஒன்றும் போட்டுக் கொடுத்த வீடுகளில் அப்படிக் கூடவில்லையாம்.

நம் தெருவுக்கு அது சரிப்படாது. எதிர்வீட்டுக்காரர் கீழே ஒன்று, மாடிக்கு ஒன்று என்று ரெண்டு மீட்டர் வைத்திருக்கிறார். ரெண்டிலும் முதல் 100 யூனிட் இலவசம், ரெண்டுமே 500ஐத் தொடாது. பேப்பர்படி பார்த்தால் சிக்கனத்தின் திருவுருவம். அவர் கதவில் சிரித்த முகத்தை மாட்டிவிட்டு என் கதவுக்கு வருவார்களா? வரட்டும். அந்த வீட்டில் மூன்று ஏசி.