முழங்கைக்கு மறுபிறவி

கேள்வி: பேஸ்பாலில் பந்தெறிபவரின் முழங்கை போனால் தொழிலும் போய்விடுமா?

பதில்: 1974 வரை பெரும்பாலும் அப்படித்தான். ‘பிட்ச்சர்’ எனப்படும் பந்தெறிபவர் ஆண்டுக்கணக்கில் முழு விசையுடன் எறிவதால், முழங்கையின் உட்புறத்தில் மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் பிணைக்கும் தசைநார் நைந்து கிழிவதுண்டு. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடக்கை வீரர் டாமி ஜானுக்கு அவ்வாண்டு ஜூலையில் இது நேர்ந்தபோது, மருத்துவர் ஃபிராங்க் ஜோப், அவருடைய வலது முன்கையிலிருந்து தசைநாண் ஒன்றை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் இழையை, எடுத்து இடது முழங்கையில் பொருத்தினார்.

வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்பர். இந்த இடக்கையோ அதை நன்கறிந்து, நன்றியும் காட்டியது. 1975 முழுவதும் ஆடாமல் பொறுத்திருந்து 1976இல் களம் திரும்பிய ஜான், 1989இல், தமது 46ஆம் வயதில் ஓய்வுபெறும் வரை, 164 வெற்றிகளை ஈட்டினார். காயத்துக்கு முன் பெற்றவை 124 மட்டுமே. அறுவைச் சிகிச்சையின் வெற்றியில் பாதி, அவசரப்படாத நோயாளிக்கே உரியது என்பதால், அது இன்றும் ‘டாமி ஜான் அறுவைச் சிகிச்சை’ என்றே வழங்கப்படுவது முற்றிலும் நியாயமானது.