கொல்லையில் கோல்ஃப் வைத்தவர்

அரிசோனாவில் சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் வீடு வாங்கிய நம்மவர்களில் ஒரு ரகம் உண்டு. வயது நாற்பத்தைந்து தாண்டியிருக்கும். பதவியின் பெயரில் எங்காவது ஓரிடத்தில் ‘டைரக்டர்’ ஒட்டிக்கொண்டிருக்கும். சின்ன வயதில் கோல்ஃப் என்றால், சினிமாவில் கதாநாயகியின் பணக்கார அப்பா பங்களா வாசலில் ஆடுவது என்றுதான் அவருக்குத் தெரியும். இன்று அவர் வீட்டுக் கொல்லையிலேயே செயற்கைப் புல் விரித்த பட்டிங் கிரீன், அதாவது பந்தை மெல்லத் தட்டிக் குழியில் போடும் தரை, இருக்கிறது. நாலு குழி, நாலு கொடி. அங்கே இருந்த கறிவேப்பிலைச் செடி தொட்டிக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

வியாதி தொற்றுவது பெரும்பாலும் ஆபீஸ் கோல்ஃப் நாளில். நம்மவர் பெரிய மட்டையை ஓங்கி வீசுவார். மண்ணும் புல்லும் பறக்கும், பந்து மட்டும் நகராது. ஆனால் குழிக்குப் பத்தடி தூரத்துக்கு வந்துவிட்டால் வைஸ் பிரசிடென்டும் மெல்லத்தான் தட்டியாக வேண்டும், இவரும் மெல்லத்தான் தட்டியாக வேண்டும். அன்று மாலையே வீட்டில் பேச்சை எடுப்பார்.

“பார் 72 மைதானம்னா மொத்தம் 72 ஷாட்ல முடிக்கணும். ஒரு குழிக்கு ரெண்டு பட் வீதம் பதினெட்டுக் குழிக்கு 36. ஆட்டத்துல பாதி பட்டிங்தாம்மா.”

“மீதிப் பாதியை எங்க வைக்கப்போறீங்க? ஹால்லயா?”

அந்தக் கேள்வி மினிட்ஸில் ஏறாது. தண்ணீர் மிச்சம், வீட்டுக்கு மதிப்பு, பிள்ளைகள் திரையை விட்டு வெளியே வருவார்கள் என்று மூன்று காரணங்களோடு ஸ்ப்ரெட்ஷீட் தயாராகிவிடும். குடியிருப்போர் சங்கத்துக்கு வரைபடம் போகும். கொடியின் உயரம் மதிலைத் தாண்டுமா என்று அவர்கள் கேட்பார்கள். அந்தக் கடிதத்துக்கு அவர் எழுதும் பதிலில் இருக்கும் உழைப்பு, கிரீன் கார்டு விண்ணப்பத்தில்கூட இருந்திருக்காது.

பிறகு கான்ட்ராக்டர்கள் வருவார்கள். சதுர அடிக்கு 20 டாலர், 25 டாலர் என்பார்கள். 500 சதுர அடிக்குப் பெருக்கி, அதை ரூபாயிலும் ஒருமுறை பெருக்கிப் பார்த்ததும், “நானே போட்டுக்கறேன்” என்பார். என்னைக் கேட்டால் அவருடைய உண்மையான ஆசை அந்த நிமிஷத்தில்தான் வெளியே வருகிறது. கோல்ஃப் ஒரு சாக்கு. இருபது வருஷமாகக் கண்ணுக்குத் தெரியாத மென்பொருளைக் கட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு, கையால் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒன்றைக் கட்ட வேண்டும். தலையில் துண்டு கட்டிக்கொண்டு மேஸ்திரியாக நிற்க வேண்டும்.

மண்ணை வெட்டுவதற்கு முன் 811க்குப் போன் செய்ய வேண்டும் என்பது அமெரிக்க நடைமுறை. ஆட்கள் வந்து மின்சாரக் கம்பியும் கேஸ் குழாயும் போகிற தடத்தில் கலர் பெயின்ட் அடித்துவிட்டுப் போவார்கள். செடிக்குத் தண்ணீர் போகும் சொந்தக் குழாய் அவர்கள் கணக்கில் வராது. அது எங்கே ஓடுகிறது என்பதை நம்மவர் கடப்பாரையால் கண்டுபிடிப்பார். கொல்லையில் ஊற்று எழும்பும். அதைத் தாண்டினால் கலீச்சி: சுண்ணாம்பு இறுகிப் பாறையாகிப்போன அரிசோனாவின் பிரசித்தி பெற்ற மண். நாலு அங்குலம் தோண்டுவதற்குள் டைரக்டர் பதவி கழன்று விழுந்துவிடும்.

அதற்குமேல் உடைத்த ஜல்லி, கிராவல், மேலே பொடிக்கல். வாடகைக்கு எடுத்த காம்பாக்டரை அவர் ஓட்டும்போது தெருவே அதிரும். ஒவ்வொரு சுற்றுக்கும் நின்று மட்டப்பலகை வைத்துப் பார்ப்பார். தரை முழுக்க ஒரே மட்டமாக இருந்தால் ஆட்டத்தில் ருசியில்லை, வளைவு வேண்டும். வளைவு அதிகமானால் பந்து நிற்காது. இந்தக் கட்டத்தில்தான் ஆறு மாத விசாவில் வந்திருக்கும் மாமனார், பொதுப்பணித்துறையில் ரிட்டயரானவர், காபி டம்ளரோடு வந்து நிற்பார்.

“ஏன் மாப்பிள்ளை, தண்ணி வாட்டம் எந்தப் பக்கம்?”

“அது... வடக்கால போகுது மாமா.”

“வடக்கால வீடுல்ல இருக்கு?”

ஜல்லி மறுபடி கிளறப்படும். மாமனாருக்கு அன்று முதல் அமெரிக்கா பிடித்துவிடும்.

குழிக்கான கிண்ணம் கான்கிரீட்டில் உட்காரும். விட்டம் 4.25 அங்குலம், அதில் ஒரு நூல் கூடக் குறையக் கூடாது. நைலான் புல்லை விரித்து, மூட்டு தெரியாமல் வெட்டி ஒட்டி, ஓரத்தில் ஆணி அடித்து, மேலே சிலிக்கா மணலைத் தூவித் துடைப்பத்தால் இழைக்குள் இறக்குவார். மணல் இறங்க இறங்கப் பந்தின் வேகம் மாறும். அதை அளக்க ஸ்டிம்ப்மீட்டர் வாங்கி வைத்திருப்பார். மூன்றடி நீள அலுமினியச் சட்டம். ஒரு முனையைத் தூக்கினால் பந்து உருண்டு ஓடும், எத்தனை அடி ஓடியதோ அதுதான் அன்றைய வேகம். விருந்தாளி பாயசத்தை முடிப்பதற்குள் கதை 1935க்குப் போய்விடும்: ஓக்மான்டில் நடந்த யு.எஸ். ஓப்பன், ஜீன் சாராஸன் தட்டிய பந்து கிரீனை விட்டே உருண்டுபோனது, அதைப் பார்த்த ஸ்டிம்ப்சன் என்பவர் மரத்தில் இந்தக் கருவியைச் செய்தது. அங்கிருந்து 1966க்குத் தாவி, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் கூரைக்குக் கீழே புல் செத்துப்போய் செயற்கைப் புல் வந்த வரலாறு. எல்லாம் உண்மைதான். பாயசம்தான் ஆறிவிடும்.

கட்டி முடித்ததும் கோடை வரும். ஃபீனிக்ஸில் 2023இல் 31 நாள் தொடர்ந்து வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. காற்றே அப்படி என்றால் செயற்கைப் புல் 150ஐத் தாண்டும். வெறுங்கால் வைக்க முடியாது. ஆகவே தண்ணீரை மிச்சம் பிடிக்கப் போட்ட புல்லைக் குளிரவைக்க, நம்மவர் சாயங்காலம் ஹோஸ் பிடித்து நிற்பார். போதாததற்கு, கரன்ட் பில் குறைய மாற்றிய புது ஜன்னல் கண்ணாடி வெயிலைத் திருப்பியடித்து, புல்லில் ஒரு கோட்டை உருக்கிவிட்டிருக்கும்.

பகலில் அந்தக் கிரீனைச் சரியாகப் பயன்படுத்துகிறவர் மாமியார் ஒருவர்தான். காலையில் பழைய வேட்டியை விரித்து ஜவ்வரிசி வடாம் இட்டால் மதியத்துக்குள் சடசடவென்று காய்ந்துவிடும். ஊரில் இரண்டு நாள் ஆகிற வேலை. வேட்டியைத் தாண்டிக் கசிந்த கஞ்சியில் நாலைந்து இழை ஒட்டிக்கொள்ளும். மறுநாள் விடிகாலை நம்மவர் தட்டும் பந்து அங்கே வந்து இடப்பக்கம் திரும்பும். கோபப்பட மாட்டார், குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துக் கணக்கில் சேர்த்துக்கொள்வார். வரும் நண்பர்களிடம், “இங்க வடாம் பிரேக் இருக்கு, ஒரு சாண் வலப்பக்கமா அடிங்க” என்பார்.

பந்து குழிக்குள் போகாவிட்டால் அவரிடம் ஒரு புள்ளிவிவரம் உண்டு: பி.ஜி.ஏ. தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டடியிலிருந்து பாதிக்குப் பாதிதான் போடுகிறார்கள். பந்து விழுந்துவிட்டால் அந்தப் புள்ளிவிவரம் ஞாபகத்துக்கு வராது. நிஜ மைதானத்துக்குப் போனால் மூன்றடியில்கூடத் தவறும். “இவங்க புல்லு சரியில்ல, வெட்டுன உயரம் ஒரே சீரா இல்ல” என்று சொல்லி, ஸ்கோர் அட்டையை மடித்துப் பையில் போட்டுக்கொள்வார். பூமியில் தானாக முளைத்த புல்லைக் குறை சொல்லும் உரிமை சொந்தமாக ஜல்லி கொட்டியவருக்கு உண்டு என்பது அவர் கட்சி.

நல்ல மனிதர். விருந்தும் பிரமாதமாக இருக்கும். கூப்பிட்டால் போய் வாருங்கள். சாப்பாட்டுக்கு முன்பு மட்டையை உங்கள் கையில் கொடுப்பார். தப்பித் தவறி முதல் பந்தைக் குழியில் போட்டுவிடாதீர்கள். ‘பெஸ்ட் ஆஃப் த்ரீ’ என்று ஆரம்பித்துவிடுவார், இலை போட ராத்திரி பத்தாகிவிடும்.