ஸ்ப்ரே கன்னும் மும்மலமும்: இளையாத்தங்குடிக் கதவுகளை முன்வைத்து

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் என்னும் நகரத்தாரின் ஒன்பது கோயில்களுள் ஒன்று இளையாத்தங்குடி. கைலாசநாதரும் நித்தியகல்யாணியும் குடிகொண்ட ஊர். 1962இல் காஞ்சிப் பெரியவர் ஆகம சிற்ப சதஸைக் கூட்டியதும் இங்கேதான். ஆகமம் வல்லாரும் சிற்பம் வல்லாரும் கூடிப் பேசிய அவ்வூரில், நிலைக்கதவுக்குப் பாலிஷ் அடித்து முடித்த கன்னை யார், எப்போது கழுவுவது என்னும் கேள்வி மட்டும் இன்றளவும் எந்த அவைக்கும் வரவில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் கருவியின் குலமுறை. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டொலீடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்றொரு மருத்துவர் இருந்தார். நோயாளியின் தொண்டைக்குள் மருந்தைப் பூஞ்சாரலாக அடிப்பதற்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் ஒரு தெளிப்பானைச் செய்தார். அதே தத்துவத்தைக் கொண்டு 1907இல் அவர் மகன் தாமஸ் பெயிண்ட் அடிக்கும் கன்னை உருவாக்கினார். தொண்டைக்கென்று பிறந்த கருவிக்குத் தொண்டை அடைத்துக்கொள்வது பிறவிக்குணம் என்று எவரேனும் வாதிட்டால், அவரை மறுக்க என்னிடம் சான்றில்லை. 1920களில் சட்டென்று உலரும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் கார்களுக்கு வந்தது. பிரஷ் ஒரு கோடு இழுத்துத் திரும்புவதற்குள் முதல் கோடு காய்ந்துவிடும். எனவே கன் இன்றியமையாததாயிற்று. தச்சுப் பட்டறைக்குள்ளும் அது குடியேறியது.

அதற்கு முன் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சு பொதிந்த துணியால் தேய்த்துத் தேய்த்துத்தான் மெருகேற்றினார்கள். நாள் கணக்கில் கை வலித்தாலும், வேலை முடிந்ததும் துணியைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகலாம். அந்த ஒரு வசதியைக் கைவிட்டதற்குத்தான் நாம் முன்னேற்றம் என்று பெயர் வைத்திருக்கிறோம் என்பது என் துணிபு.

இனிக் களம். செட்டிநாட்டு வீட்டின் நிலைக்கதவு பர்மாத் தேக்கு; மேலே கஜலட்சுமி, சுற்றிலும் கொடியும் கிளியும். பிரஷ் கொண்டு அடித்தால் செதுக்கலின் குழிகளில் லாக்கர் தேங்கி, கிளிக்குக் கண்புரை விழும். ஆகவே கன். ஆனால் குழிக்குள் வேகமாகப் புகுந்த காற்று அதே வேகத்தில் திரும்பி வந்து லாக்கரையும் கூட்டிக்கொண்டு வெளியேறும். காற்றைக் குறைத்து, ஆறு முதல் எட்டு அங்குலம் தள்ளிப் பிடித்து, முன்பட்டையின் பாதியை மறைக்குமாறு அடுத்த பட்டையை இழுக்க வேண்டும். பழைய வகைக் கன்னில் ஊதுவதில் மூன்றில் ஒரு பங்குகூட மரத்தில் ஒட்டாது என்பது பொதுக்கணக்கு. மிச்சம் எங்கே போகிறது? வளவில் ஆச்சி காயவைத்த கூழ்வற்றலை அந்தியில் எடுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். அவ்வளவு பளபளப்பு எந்த வற்றலுக்கும் இயற்கையில் வாராது.

கோட்பாட்டுக்கு வருவோம். சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிய மலங்களை மூன்றாகக் கூறும். கன்னைப் பற்றியனவும் மூன்றே என்பது எளிதில் நிறுவத்தக்கது. கன்மம் என்பது முன்செய்த வினை. போன வீட்டு அலமாரிக்கு அடித்த கறுப்பு, நாசிலின் உள்விளிம்பில் காய்ந்து கிடந்து, இந்த வீட்டுக் கதவில் பொட்டுப் பொட்டாக வந்து பலன் கொடுக்கும். மாயை, உயிரை மயக்குவது. கன்னின் வெளிப்புறத்தைத் தின்னர்த் துணியால் துடைத்து ஆணியில் மாட்டியவுடன் அது சுத்தமாகிவிட்டதாகத் தோன்றுவதே மாயை. ஆணவம் கன்னில் இல்லை. அதைப் பிடித்திருப்பவரிடம் உண்டு. செம்பில் களிம்புபோல் அது அநாதி. 'நாளைக்கு இதே லாக்கர்தானே அடிக்கப்போறேன்' என்பது அதன் திருவாக்கு. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளையும் இதே முறையில் பொருத்துவதை வேறோர் ஆய்வாளருக்கு விட்டுவைக்கிறேன்.

இளையாத்தங்குடி நகரத்தார் ஏழு பிரிவு. கன் கழுவுவோரிலோ தேடித் தேடியும் மூன்றுதான் கிட்டின. ஊறவைப்போர் முதலாமவர்: முழுக்கன்னையும் தின்னர் வாளியில் அமிழ்த்திவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அழுக்கு காற்றுப்பாதைக்குள் புகும். நீடிலைச் சுற்றிய பேக்கிங் எண்ணெய்ப்பசை இழந்து சுருங்கும். மறுநாள் கன் விட்டு விட்டு இருமும். ஊக்கு மார்க்கத்தார் இரண்டாமவர். கன்னின் மூக்கில் காற்றூதும் ஏர் கேப்பின் கொம்புத் துளைகளில் அடைப்பா, மனைவியின் சேலை ஊக்கைக் கடன் வாங்கிக் குத்துவார்கள். துளை மயிரிழை கோணினால் போதும், விசிறிபோல் விரியவேண்டிய சாரல் பிறைச்சந்திரனாகும். விளக்குமாற்று ஈர்க்குச்சி போதும், பித்தளையை அது புண்படுத்தாது. மூன்றாமவர், கப்பில் கொஞ்சம் தின்னரை ஊற்றிச் சுவரை நோக்கி ஊதிவிட்டு அடியோடு மறந்துவிடுகிறவர்கள். பெரும்பான்மையர் இவர்களே.

சாரல் கோணினால் குற்றம் யாருடையது என்று கண்டறிய ஒரு சோதனை உண்டு. ஏர் கேப்பை அரைவட்டம் திருப்பி மீண்டும் ஊதவேண்டும். கோணலும் கூடவே திரும்பினால் கேப்பில் அழுக்கு. அசையாமல் நின்றால் நாசிலில். நம் பஞ்சாயத்துகளுக்கும் இப்படி ஒன்று வாய்த்திருந்தால் பல வழக்கு அன்றே தீர்ந்திருக்கும்.

காலம் பற்றி ஒரு குறிப்பு. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் கருணையுடையது: காய்ந்தபின்னும் தின்னரில் கரைந்து மன்னிக்கும். இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் மெலமைனுக்கும் பியூ என்னும் பாலியூரித்தேனுக்கும் அந்தக் குணம் இல்லை. ஹார்டனர் சேர்ந்த கணம் முதல் கப்புக்குள் இறுகத் தொடங்கும். மாலையில் கழுவலாம் என்றிருந்தவருக்கு மறுநாள் காலையில் கன்னின் வடிவில் ஒரு நினைவுச்சின்னம் கிடைக்கும். கழற்றி, பிரஷால் தேய்த்து, நீடிலிலும் டிரிகரிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாட்ட அரைமணி நேரம் போதும். அந்த அரைமணி எங்கும் கணக்கில் ஏறாததுதான் நோயின் வேர்.

சான்றாக, கல்யாண வீடொன்றின் முகப்பில் கேட்ட உரையாடல்:

'வேலை முடிஞ்சுதா ஆசாரி?'

'முடிஞ்சுது ஆச்சி. கன்னுதான் கழுவணும்.'

'அப்ப முடிஞ்சுதுன்னு சொல்லுங்க. தின்னர் டப்பா எங்க?'

'அது கழுவத்தான் ஆச்சி வேணும்.'

'கதவுக்குன்னுதானே வாங்குனது? கன்னு உங்களுதுல்ல?'

ஆசாரி கன்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், கழுவாமலே பைக்குள் போட்டுக்கொண்டார். கோயில்மாலை வர இரண்டு நாள் இருந்தது. இன்னொரு கதவு அடிக்காமல் கிடந்தது.

காலணாவுக்கும் ஐந்தொகை எழுதித் தீர்த்த மரபில் இதற்கு வழி இல்லாமல் போகாது. கழுவுகிற தின்னரைச் செட்டியார் வீட்டுப் பற்றில் எழுதுவதா, ஆசாரி பற்றில் எழுதுவதா? பாதி பாதி என்பாரும் உளர். அப்படியானால் கழுவி வடித்த அழுக்குத் தின்னர், மறுநாள் முதல் கழுவலுக்கு நன்றாகவே உதவுவது, அது யார் வரவு?