மாடித் தோட்டத்து வெங்காயத்தாள் சாயும் முறைமை: ஓர் ஆய்வு

1753இல் லின்னேயஸ் வெங்காயத்துக்கு ஆலியம் செப்பா எனப் பெயர் சூட்டிய பின்னும், சின்ன வெங்காயம் நெடுங்காலம் ஆலியம் அஸ்கலோனிக்கம் என்னும் தனியினமாகவே மதிக்கப்பட்டு வந்தது. பிற்கால அறிஞர் அதனை முன்னதன் ஒரு பிரிவாகச் சேர்த்துவிட்டனர். இதனால் சாம்பாரின் சுவையில் மாறுதல் எதுவும் நேர்ந்ததாகத் தெரியவில்லை.

நடவு என்பது, கூடையில் கிடந்து தானே முளைவிட்ட காயை, வேரடி கீழாகவும் முளை மேலாகவும் தொட்டி மண்ணில் செருகிவிட்டு, அதனைத் திட்டமிட்ட செயல் என அறிவிப்பதாகும். காய்க்குக் காய் 10 செ.மீ. இடைவெளி வேண்டும். ஒரு காய் நான்கைந்தாகப் பிரிந்து பெருகும். நீர் தேங்கினால் அழுகும். இலைப்பேன் வரும்.

இனி, ஆய்வுலகம் இதுகாறும் புறக்கணித்த தாள் சாய்வுக்கு வருவோம். நட்ட 70 நாள் அளவில் புதிய இலை தோன்றுவது நின்று, காய்க்கு மேலுள்ள 'கழுத்து' எனப்படும் பகுதி உள்ளீடற்றுத் தளர்வதால், தாள் தன் பாரம் தாங்காமல் மடிந்து விழுகிறது. பாதிக்கு மேல் சாய்ந்ததும் பாய்ச்சலை நிறுத்தி அறுவடைக்கு ஆயத்தமாக வேண்டும் என்பதே முதிர்ச்சிவாதிகளின் கொள்கை. பூனைவாதிகளோ, மாடியில் சாயும் தாள்களுக்கு இரவில் தொட்டிமண்ணைப் பறிக்கும் பூனையே காரணம் என்பர். இவர்தம் முதன்மைச் சான்று, தினசரி நாட்காட்டியின் ஆனி மாதத் தாள் ஒன்றின் பின்புறத்தில், பால் கணக்குக்குக் கீழே, இடப்பக்க ஓரத்தில், பென்சிலால் எழுதிப் பாதி அழிந்த "மறுபடியும் அது" என்னும் குறிப்பாகும். இதில் 'அது' என்பது பூனையையே சுட்டும் என முதல் உரை கூறும். பக்கத்து வீட்டுப் பையனின் பந்தைச் சுட்டும் என அதன் மறுப்புரை கூறும். காப்பிக்கறை படிந்த மூன்றாம் எழுத்தைப் பிரித்துப் படித்த மறுப்பின் மறுப்புரை, அது பால் பாக்கியைக் குறித்ததென நிறுவி, முன்னிருவரையும் அடிக்குறிப்பில் வருந்தத்தக்கவர் என்கிறது. அந்த நாட்காட்டித் தாளைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. ஆயினும் பின்வந்த கட்டுரைகள் அனைத்தும் அதனையே மேற்கோள் காட்டுவதும், அவற்றுள் இரண்டு முனைவர் பட்டத்துக்கு உரியனவாதலும் ஆய்வு மரபுக்கு முற்றிலும் இசைந்தனவே.

பூனைவாதத்தை நம்பிப் பிடுங்காமல் விட்டால் ஈரத்தில் கிடக்கும் காய் மீண்டும் வேர்விடும் என்பதும், பிடுங்கிய காயை நிழலில் உலர்த்திக் கழுத்து நன்கு சுருங்கிய பின்னரே தாளை அறுக்க வேண்டும் என்பதும் இவ்விவாதத்துக்கு இடையே எவரும் கேளாமல் போன செய்திகள்.

மூன்றாம் தரப்பான சமையலறைவாதிகள் தாள் சாயும்வரை காத்திராமல் பச்சையாகவே கிள்ளிப் பொரியல் செய்துவிடுவதால், சான்றுப் பொருள் ஒவ்வொரு பருவமும் பகலுணவுக்கு முன்பே அழிந்துபோகிறது. இதுபற்றி அத்தரப்பினரிடம் விளக்கம் கோரப்பட்டபோது, உப்புப் போதுமா என்ற எதிர்வினா மட்டுமே கிடைத்தது.