குடை களவு போகட்டும், பக்கத்தைப் புரட்டுங்கள்

கே: சிங்கள எழுத்தாளர் சிபில் வெத்தசிங்கவின் 'குட ஹொரா' (குடைக் கள்ளன்) படப்புத்தகத்தை என் நாலு வயது மகன் ஒவ்வொரு இரவும் வாசிக்கச் சொல்லி அடம்பிடிக்கிறான். முடிவு தெரிந்த கதையில் அப்படி என்ன இருக்கிறது?
– ஒரு தாய், கொக்குவில் கிழக்கு

ப: முடிவு தெரிந்ததால்தான் கேட்கிறான். கதையில் வரும் கிரி மாமா பட்டணத்தில் குடை வாங்கி வருகிறார். கோப்பி குடிக்கக் கடைக்குள் போகும்போது அதை வெளியே வைக்கிறார். திரும்பி வந்தால் காணோம். மறுபடி வாங்குகிறார், மறுபடி காணோம். குடை போகப்போவது கிரி மாமாவுக்குத் தெரியாது, உங்கள் மகனுக்குத் தெரியும்! வீட்டில் எல்லோரும் அவனைவிடக் கூடத் தெரிந்தவர்கள். ஒரு பெரிய மனிதரை அவன் முந்துகிற இடம் இதுதான். அதை விட்டுக்கொடுப்பானா?

கே: 1956இல் வந்த புத்தகம். குடையைக் கண்டு வியக்கிற பிள்ளை இன்று எங்கே?
– ஆசிரியை, தாவடி

ப: குடையைக் கண்டு வியக்க வேண்டாம், மழையைத் தெரிந்திருந்தால் போதும். கிரி மாமாவின் ஊரில் குடை இல்லை. வாழையிலை, சேம்பிலை, பாய், துணிப்பை என்று கிடைத்ததைத் தலையில் பிடிக்கிறார்கள். ஐப்பசி மழையில் கே.கே.எஸ். வீதியால் புத்தகப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடுகிற உங்கள் மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கே: படம் இல்லாமல் வாயால் சொன்னால் போதாதா?
– வாசகர், குளப்பிட்டி

ப: போதாது. கிரி மாமா அடுத்த குடையின் மடிப்புக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டு வைக்கிறார். குடை களவு போன பிறகு, சிந்திக் கிடக்கும் துண்டுகளைப் பார்த்துப் பார்த்துக் காட்டுக்குள் நடக்கிறார். பிள்ளையின் விரலும் கூடவே நடக்கும். மரம் நிறையக் குடைகள் தொங்கும் பக்கம் வந்ததும் நீங்கள் வாயை மூடிவிடுங்கள். அது பிள்ளையின் பக்கம். இந்தப் படங்களை வரைந்த வெத்தசிங்க ஓவியக் கல்லூரியில் படித்தவர் அல்லர். 1927இல் காலிக்கு அருகே கிந்தோட்டையில் பிறந்து, பதின்ம வயதிலேயே பத்திரிகைக்கு வரையத் தொடங்கியவர்.

கே: கள்ளன் ஆர் எண்டு சொல்லுங்கோவன்!
– வயது 8, கொக்குவில் மேற்கு

ப: மாட்டன், ராசா. நீங்களே பக்கத்தைப் புரட்டிப் பாருங்கோ. ஒன்று மட்டும் சொல்லுறன்: கிரி மாமா குடைகளை எடுத்துக்கொண்டு வரேக்கை, ஒரு குடையைக் கள்ளனுக்கெண்டு விட்டிட்டு வாறார். ஆரையும் கட்டிவைச்சு அடிக்கேல்லை. எனக்கு இந்தப் புத்தகத்திலை ஆகப் பிடிச்ச இடம் அதுதான்.

கே: நம் பிள்ளைகளுக்கு நம் கதை போதாதா?
– வாசகர், கோண்டாவில்

ப: நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டுகளைக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள், காதுக்கு அதைவிட விருந்து இல்லை. கண்ணுக்கும் விருந்து வேண்டும். 'குட ஹொரா' 1986இல் ஜப்பானில் சிறந்த வெளிநாட்டுச் சிறுவர் நூலாகத் தெரிவானது. ஜப்பான் பிள்ளைக்கு உறவான கிரி மாமா நமக்கு அந்நியரா? கிடுகு வேலியும் பனையும் பக்கம் நிறைய வரும் ஒரு படப்புத்தகத்தை நம்மவர் வரையட்டும். காலியில் உள்ள பிள்ளையும் வாசிக்கட்டும்.

கே: என் மகள் முடிவையே மாற்றிச் சொல்கிறாள். திருத்தவா?
– ஒரு தந்தை, திருநெல்வேலி

ப: தொடவே தொடாதீர்கள். வெத்தசிங்கவே தம் கடைசிக் காலப் புத்தகம் ஒன்றின் முடிவைப் பிள்ளைகளிடம் விட்டார். ஆயிரத்துக்கு மேற்பட்ட முடிவுகள் சேர்ந்து, அவர் 92 வயதில் காலமான 2020இலேயே அது கின்னஸ் சாதனையானது. மகள் சொன்ன முடிவை ஒரு கொப்பியில் எழுதி, கீழே அவளையே படம் கீறச் சொல்லுங்கள்.