ரப்பர் பேண்டு முடிச்சைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

பாங்காக் மாநகரத்தைப் பற்றி எழுதப் புகுந்த அன்பர்கள் மரகத புத்தர் ஆலயத்தையும், சாவ் பிரயா நதியையும், போக்குவரத்து நெரிசலையும் பக்கம் பக்கமாக வர்ணித்துவிட்டு, அந்நகரத்து ஜனங்களில் எத்தனையோ பேருடைய இராப்போஜனத்தைக் கட்டிக் காத்துவருகிற ஒரு வஸ்துவைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டிருப்பது, பெரியவற்றையே பார்த்துப் பழகிய பண்டித திருஷ்டியின் தோஷம் என்றே கருதுகிறேன். அந்த வஸ்து ரப்பர் பேண்டு. தாய் பாஷையில் நங் யாங்.

இதன் மகிமையை உணர வேண்டுமானால், அந்நகரில் சிலநாள் தங்கி ஓட்டலில் உண்டு திரும்புகிற யாத்திரிகனாக இருந்தால் போதாது. மாத வாடகைக்கு ஓர் அறை எடுத்துக் குடியிருக்க வேண்டும். அந்த அறையில் கட்டில் இருக்கும், குளிர்சாதனம் இருக்கும், பால்கனி என்ற பெயரில் துணி உலர்த்த ஒரு முழ இடமும் இருக்கும். அநேகமாக அடுப்பு மட்டும் இராது. அடுப்பு எங்கே என்றால், சோய் என்று அவர்கள் சொல்லும் சந்தின் முனையில், அலுமினியத் தட்டுகளில் பத்துப் பதினைந்து வகைக் குழம்புகளைப் பரப்பி வைத்துக்கொண்டு நிற்கும் அம்மாளிடம் இருக்கிறது. வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்கள் அவளிடம் வாங்கிக்கொண்டே வீட்டுக்குப் போவதால், அவர்களுக்கு ‘பிளாஸ்டிக் பை இல்லத்தரசிகள்’ என்று அந்நாட்டார் பாதி கேலியாகவும் பாதி அனுதாபமாகவும் ஒரு பட்டம் சூட்டியிருக்கிறார்கள். பைக்குக் கிடைத்த இந்தக் கௌரவம் அதன் வாயைக் கட்டுகிற பேண்டுக்குக் கிடைக்கவில்லை என்பது கவனிக்கத் தக்கது.

பையிலும் ஜாதி உண்டு. துங் ரோன் என்கிற சூட்டுப் பை கண்ணாடிபோல் தெளிவாயும், தொட்டால் சலசலப்பதாயும், கொதிக்கிற குழம்பைத் தாங்குவதாயும் இருக்கும். துங் யென் என்கிற குளிர்ப் பையோ சற்று மங்கலாயும் மிருதுவாயும் இருந்து, பனிப்பெட்டிக்குள் போவதற்கே ஏற்பட்டது. முன்னதில் வைக்க வேண்டியதைப் பின்னதில் வைக்கலாகாது. ‘ஸை துங்’, அதாவது பையில் போடுங்கள், என்று சொன்ன மாத்திரத்தில் அந்த அம்மாள் இந்தப் பேதத்தைக் கண்ணால் பாராமல் விரலாலேயே அறிந்து உரிய பையை உருவிவிடுகிறாள்.

அவள் கட்டுகிற விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தாலன்றி விளங்காது. குழம்பை ஊற்றியதும் பையின் கழுத்தைப் பிடித்து, கொஞ்சம் காற்றும் உள்ளே சிக்கும்படி ஒரு சுழற்றுச் சுழற்றுகிறாள். கொக்கியில் தொங்கும் கொத்திலிருந்து ஒரு பேண்டை எடுத்து, அதன் ஒரு முனையைக் கழுத்தோடு கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறு முனையை நீள இழுத்து விறுவிறுவென்று சுற்றி, கடைசிச் சுற்றை ஒரு சிறு காது வெளியே நிற்கும்படி மாட்டிவிடுகிறாள். இவ்வளவும் நடக்கும்போது அவள் கண் அடுத்த ஆளிடமும், வாய் விலையிலும் இருக்கின்றன.

உள்ளே காற்று எதற்கு? காற்றை அடைத்துக் குழம்பை அதிகமாகக் காட்டும் வியாபார தந்திரம் இது என்பது பூர்வபட்சம். காற்றடைத்த பை மேஜைமேல் சாயாமல் உட்காரும், குழம்பு முடிச்சைத் தொடாததால் கசியாது, ரயில் நெரிசலில் இடிபட்டால் அந்த இடியைக் காற்றே வாங்கிக்கொள்ளும் என்பது சித்தாந்தம். நான் சித்தாந்தியின் கட்சிதான். ஆயினும், பையைப் பிரித்து மீன் உருண்டைகளை எண்ணிப் பார்க்கிற சில மாலைகளில் பூர்வபட்சியின்பால் மனம் சாய்வதை மறைப்பதற்கில்லை.

காற்றடைத்த பையின் ஸ்திரத்தன்மைக்குப் பிரத்தியட்சப் பிரமாணம் வேண்டுவோர் மாலை ஆறு மணிக்கு ரயில் நிலையத்துக்குப் போகட்டும். காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஒலிபெருக்கியில் தேசிய கீதம் ஒலிக்கும்போது, ஓடிக்கொண்டிருந்த கூட்டமெல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கும். விரல்களில் தொங்குகிற குழம்புப் பைகள் மாத்திரம் தேசபக்தியில் சற்றுப் பின்தங்கி, இரண்டு ஆட்டம் ஆடிய பிறகே நிலைக்கு வரும். அப்போதும் ஒரு சொட்டுச் சிந்தினதாக நான் கண்டதில்லை.

அறைக்கு வந்த பிறகு எழுவதுதான் மூலாதாரமான தத்துவப் பிரச்சினை. முடிச்சைப் பிரிப்பதா, அறுப்பதா? கத்தரிக்கோலை எடுத்துக் கழுத்தை வெட்டிவிடும் சேதவாதிகள் பெரும்பாலும் அந்நியர்கள், அவசரமான ஜீவன்கள். உள்ளூர்க்காரர்கள் மோட்சவாதிகள்: அந்தச் சிறு காதைத் தேடிப் பிடித்து, சுற்றிய திசைக்கு எதிராக இழுக்கிறார்கள், பந்தம் தானே அவிழ்கிறது. காது எந்தப் பக்கம் என்று தெரியாமல் இழுத்தால் முடிச்சு இன்னும் இறுகும் என்பதையும், நூடுல்ஸ் வாங்கினால் சாறு தனி, நூடுல்ஸ் தனி, மீன் சாறும் சர்க்கரையும் மிளகாய்த் தூளும் காடியும் தனித்தனி என்று சில கடைகளில் ஒரு கிண்ணத்துக்கு ஆறு முடிச்சுகள் வந்து சேரும் என்பதையும் சேர்த்து யோசித்தால், சேதவாதியின் கோபமும் புரியாமற்போகாது.

இனி வம்ச வரலாறு. ரப்பர் பேண்டுக்கு 1845-இல் லண்டனில் காப்புரிமை பெற்ற ஸ்டீபன் பெர்ரி, காகிதங்களையும் கடிதங்களையும் கட்டுவதற்கே அது பயன்படும் என்று எண்ணினார். பச்சைக் குழம்பு அவர் கனவிலும் வந்திராது. விக்காம் என்ற ஆங்கிலேயர் 1876-இல் பிரேசிலிலிருந்து கொண்டுபோன ரப்பர் விதைகளின் சந்ததி இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் வந்து, பிறகு நம்மவர்கள் கூலிக்குப் பால் வெட்டிய மலாயாத் தோட்டங்களில் பல்கிப் பெருகியது. அங்கிருந்து 1899-ஐ ஒட்டித் திராங் மாகாணத்து ஆளுநர் பிரயா ரட்சடா தம் சீமைக்கு அதைக் கொண்டுவந்தார் என்பது அந்நாட்டு வழக்கு. இன்று உலகில் மிக அதிகமாக இயற்கை ரப்பர் விளைவிப்பது தாய்லாந்தே. அதில் பெரும்பகுதி மோட்டார் டயருக்குத்தான் போகிறது என்று பொருளாதார நிபுணர்கள் சொல்லுவார்கள். பேண்டுகள் மாட்டிக் கிடக்கும் என் அறைக் குழாயை அவர்கள் பார்த்ததில்லை.

பையும் பேண்டும் ஆளும் இந்த ராஜ்யத்துக்கு ஒரு சோதனையும் வந்தது. 2020 ஜனவரி முதல் தேதியன்று பெரிய கடைகள் பிளாஸ்டிக் பை கொடுப்பதை நிறுத்தியபோது, ஜனங்கள் வாளி, துணிக்கூடை, பயணப்பெட்டி, கைவண்டி முதலியவற்றோடு கடைக்குப் போய்ப் படம் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சோய் முனைக் குழம்போ வழக்கம்போல் பையிலேயே வந்தது. வாளியின் வாயை ரப்பர் பேண்டால் கட்ட முடியாதல்லவா?

மோட்சவாதிக்கு உள்ள ஒரே சங்கடம், விடுதலை பெற்ற பேண்டுகள் எங்கே போவது என்பதுதான். அவை குழாயில் சேரும், கதவுப் பிடியில் சேரும், குறைவது கிடையாது. முற்காலத்தில் குழந்தைகள் அவற்றைக் கோத்துத் தாண்டு கயிறாக்கினார்கள். தரையில் வைத்து ஊதி ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றிப் பந்தயம் ஆடினார்கள். இன்றைய குழந்தைகளுக்குக் கைப்பேசி இருக்கிறது. ஆகவே, சேர்ந்துபோனதையெல்லாம் ஒருநாள் குழம்புக்கார அம்மாளிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, தளர்ந்ததைக் கீழே போட்டு, மிச்சத்தைக் கொக்கியில் மாட்டி, அவற்றுள் ஒன்றாலேயே எனக்கு வேண்டிய பச்சைக் குழம்பைக் கட்டி நீட்டி, நாற்பது பாட் என்றாள்.